லிஃப்ட் நடுவழியில் நின்றால் கதவை நெம்பலாமா?

கேட்டவர் எழுதியிருப்பதன் சுருக்கம் இது. ஒன்பது மாடிக் குடியிருப்பு. லிஃப்ட்டுக்குப் பதினெட்டு வயது. மாதத்துக்கு மூன்று நான்கு முறை இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றுவிடுகிறது. போன வாரம் அவருடைய அம்மாவும் ஆறு வயது மகளும் நாற்பது நிமிடம் உள்ளே மாட்டிக்கொண்டார்கள். காவலாளி ஒரு இரும்புக் கம்பியால் கதவை நெம்பித் திறந்து, பாதி மாடி உயரத்தில் நின்ற பெட்டியிலிருந்து இருவரையும் கீழே இறக்கியிருக்கிறார். கேள்வி அனுப்பியவர் கேட்பது மூன்று: உள்ளே காற்று தீர்ந்துவிடுமா? கயிறு அறுந்து பெட்டி கீழே விழுமா? அடுத்த முறையும் இதே மாதிரி திறந்துவிடலாமா? அவர் நேரடியாகக் கேட்காத நான்காவது கேள்வி ஒன்றும் இருக்கிறது: ஒரே லிஃப்ட் ஏன் திரும்பத் திரும்ப நிற்கிறது? லிஃப்ட் பராமரிப்பு வேலையில் இருப்பவன் என்ற முறையில், அந்த நான்காவதற்குத்தான் அதிக இடம் கொடுக்கப் போகிறேன்.

மூன்றாவது கேள்விக்கு முதலில் பதில், ஏனென்றால் அதில்தான் உயிர் இருக்கிறது. இனி ஒருபோதும் அப்படித் திறக்காதீர்கள். அன்று இருவரும் நல்லபடியாக இறங்கியது அதிர்ஷ்டம். காவலாளியைக் குறை சொல்லவில்லை. உள்ளே குழந்தை அழும்போது கையைக் கட்டிக்கொண்டு நிற்க யாராலும் முடியாது. ஆனால் நின்றுபோன லிஃப்ட்டில் கதவு மூடியிருக்கும்வரை உள்ளே இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் ஆபத்து இல்லை. ஆபத்து கதவைத் திறக்கும் நேரத்தில் தொடங்குகிறது.

காற்று தீராது. இது உறுதி. பெட்டி காற்றுப் புகாத டப்பா கிடையாது. கதவு இடுக்குகள், கூரையில் உள்ள விசிறித் துளை, தரையை ஒட்டிய துவாரங்கள் எல்லாவற்றின் வழியாகவும் காற்று போய்வருகிறது. ஐரோப்பியத் தரநிலையான ஈ.என். 81-20, பெட்டியின் தரைப்பரப்பில் குறைந்தது 1 சதவீத அளவுக்கு மேல்பகுதியிலும் அதே அளவுக்குக் கீழ்ப்பகுதியிலும் காற்றுத் துவாரம் இருக்க வேண்டும் என்கிறது. மின்சாரம் போய் விசிறி நின்றாலும் இந்தத் துவாரங்கள் அடைபடுவதில்லை. உள்ளே இருப்பவர்களைப் படுத்துவது வெப்பமும் பயமும்தான். ஆறு பேர் நெருக்கமாக நிற்கும் பெட்டியில் விசிறி நின்றால் சில நிமிடங்களிலேயே புழுங்கத் தொடங்கும். அந்தப் புழுக்கத்தைத்தான் பலர் மூச்சுத் திணறல் என்று நினைத்து இன்னும் பதறுகிறார்கள்.

கயிறு விஷயமும் ஏறக்குறைய அதே அளவு உறுதியானது. பெரும்பாலான அடுக்குமாடிக் கட்டடங்களில் இருப்பது கயிறும், அதன் மறுமுனையில் பெட்டிக்குச் சமனாகத் தொங்கும் எதிர் எடையும் கொண்ட வகை. பெட்டி ஒற்றைக் கயிற்றில் தொங்குவதில்லை. பல எஃகுக் கயிறுகள் சேர்ந்து தாங்குகின்றன. மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட கயிறுகள் இருந்தால், அவை அதிகபட்சச் சுமையைப்போல் 12 மடங்கு தாங்கும்படி இருக்க வேண்டும் என்பது மேலே சொன்ன தரநிலையின் கணக்கு. அடுத்தது பிரேக். மின்சாரம் இருந்தால்தான் அது விலகும். மின்சாரம் போனதும் ஸ்பிரிங் விசையில் தானாகவே இறுகிக்கொள்ளும். கரண்ட் போனதும் லிஃப்ட் சட்டென்று நிற்பது பழுதினால் இல்லை. அப்படி நிற்கும்படிதான் அதைச் செய்திருக்கிறார்கள்.

இவை இரண்டையும் மீறிப் பெட்டி வேகமாக இறங்கினால், கவர்னர் என்ற தனிக் கருவி அதைக் கவனிக்கிறது. அதற்கென்று தனியாக ஒரு கயிறும் சக்கரமும் உண்டு. பெட்டியின் வேகம் நிர்ணயித்த வேகத்தில் 115 சதவீதத்தையும் தாண்டி, அமைக்கப்பட்ட அளவைத் தொட்டதும் அந்தச் சக்கரம் பூட்டிக்கொள்ளும். உடனே பெட்டியின் அடியில் இருக்கும் ஆப்புகள் பெட்டி விலகாமல் ஓட இரு பக்கமும் நிறுத்தியிருக்கும் கைடு ரெயில்களையும் கவ்விப் பெட்டியை நிறுத்திவிடும். கயிறு அறுந்தாலும் பெட்டி விழாமல் பிடிக்கும் அமைப்பை 1854-இல் நியூயார்க்கில் நடந்த கண்காட்சியில், தான் நின்ற மேடையின் கயிற்றையே வெட்டச் சொல்லி எலிஷா ஓடிஸ் காட்டினார். இன்றைய அமைப்பு அதைவிட எவ்வளவோ தேறியது. பெட்டி விழுந்ததற்கு எல்லோரும் சொல்லும் நிகழ்வு 1945 ஜூலையில் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தில் நடந்தது. குண்டுவீச்சு விமானம் மோதிக் கயிறுகளை அறுத்ததால் ஒரு பெட்டி எழுபதுக்கும் மேற்பட்ட மாடி உயரத்திலிருந்து விழுந்தது. உள்ளே இருந்த பெண் பலத்த காயங்களோடு பிழைத்தார். கீழே குவிந்த கயிறுகளும் ஷாஃப்ட்டில் (பெட்டி ஏறி இறங்கும் செங்குத்தான வழி) அமுங்கிய காற்றும் அவரைக் காப்பாற்றின என்பார்கள். அந்த விளக்கம் ஊகம்தான். கயிறுகளை அறுக்க ஒரு விமானம் வந்து மோத வேண்டியிருந்தது என்பது மட்டும் ஊகம் இல்லை.

இங்கே பலருக்குத் தெரியாத ஒன்று: பிரேக் விலகினால் உங்கள் அம்மாவும் மகளும் இருந்த பெட்டி கீழே போகாது, மேலே போகும். எதிர் எடை என்பது காலிப் பெட்டியின் எடையோடு, அனுமதிக்கப்பட்ட சுமையில் 40 முதல் 50 சதவீதம் சேர்ந்தது. எட்டுப் பேர் போகும் 630 கிலோ லிஃப்ட்டில் காலிப் பெட்டி 900 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். எதிர் எடை 1,150 முதல் 1,215 கிலோ வரை இருக்கும். ஒரு பெரியவரும் குழந்தையும் சேர்ந்து 80 கிலோ என்றால் பெட்டிப் பக்கம் 980 கிலோதான். எதிர் எடை கனமாக இருப்பதால் அது இறங்கும், பெட்டி ஏறும். ஆட்கள் இறங்க இறங்கப் பெட்டி இன்னும் இலேசாகும். இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு கதவுப் பக்கம் வாருங்கள்.

காவலாளி நெம்பியபோது பெட்டியின் தரை, மாடித் தரையைவிட உயரத்தில் இருந்திருக்கிறது. அப்போது பெட்டியின் அடிவிளிம்புக்கும் மாடித் தரைக்கும் நடுவே ஒரு திறப்பு உண்டாகும். அதற்குப் பின்னால் ஷாஃப்ட்தான், நேராகக் கீழே குழிவரை வெறும் வெளி. இதை மறைக்கத்தான் பெட்டியின் வாசலுக்குக் கீழே ஒரு தகடு தொங்கும். புதிய தரநிலைப்படி அதன் உயரம் 0.75 மீட்டர், பல பழைய லிஃப்ட்டுகளில் இதைவிடக் குட்டையாக இருக்கும். பெட்டி அதற்கும் மேலே நின்றால் திறப்பு மறையாது. வெளியே குதிப்பவர் முன்னோக்கி இறங்குவதாக நினைப்பார். ஆனால் விளிம்பைப் பிடித்துத் தொங்கி இறங்கும்போது உடம்பு பின்னோக்கி ஆடும். கால் மாடித் தரையில் பதியாமல், பெட்டிக்கு அடியில் அந்தத் திறப்புக்குள் போய்விடும். நின்ற லிஃப்ட்டிலிருந்து தாமாக வெளியேறப் பார்த்து இறந்தவர்களில் பலர் இப்படி விழுந்தவர்கள்தான். பெட்டி மாடித் தரைக்குக் கீழே நின்றால் இந்த விழும் பயம் இல்லை. ஆனால் மேலே ஏறி வெளியே வருபவரின் இடுப்பு பெட்டியின் மேல்விளிம்புக்கும் மாடித் தரைக்கும் நடுவில் இருக்கும் அந்த விநாடியில் பெட்டி நகர்ந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

பெட்டி ஏன் நகர வேண்டும்? நெம்புகிறவர்கள் பெரும்பாலும் மெயின் ஸ்விட்சை அணைப்பதில்லை. கரண்ட் போய் நின்ற லிஃப்ட்டில் கரண்ட் திரும்பி வரும். கதவுத் தொடர்பு, அதாவது கதவு மூடியிருப்பதைக் காட்டும் மின் தொடர்பு, விட்டுப்போய் நின்ற லிஃப்ட்டில், நெம்பும்போது கதவு அசைந்து அந்தத் தொடர்பு மறுபடி ஒட்டிக்கொள்ளலாம். கதவு திறந்திருக்கும்போது பெட்டி ஓடக்கூடாது என்ற பாதுகாப்பு உண்டுதான். ஆனால் அந்தப் பாதுகாப்பே பழுதாகியிருக்கலாம், அல்லது முந்தைய பழுதின்போது யாராவது அதை ஒயர் போட்டு இணைத்துவிட்டு அப்படியே விட்டிருக்கலாம். மாதத்துக்கு நான்கு முறை நிற்கும் லிஃப்ட்டில் அந்தப் பாதுகாப்பை நம்பித் தலையை வெளியே நீட்டக்கூடாது.

ஆகவே உள்ளே இருப்பவர் செய்ய வேண்டியது இதுதான். முதலில் ஒரு நிமிடம் எதுவும் செய்யாமல் நில்லுங்கள். பல லிஃப்ட்டுகள் தாமாகவே மறுபடி இயங்கிப் பக்கத்து மாடிக்குப் போய்விடும். அதன்பின் கதவு திறக்கும் பொத்தானை ஒருமுறை அழுத்துங்கள். பெட்டி மாடிக்கு நேராகவோ அதிகபட்சம் 35 சென்டிமீட்டர் மேலோ கீழோ நின்றிருந்தால் கதவு தானாகத் திறக்க வாய்ப்பு உண்டு. அப்படித் திறந்தால் தரையைப் பார்த்து ஒரே அடியில் வெளியே வந்துவிடுங்கள், வாசலில் நின்று பேசாதீர்கள். திறக்காவிட்டால் கையால் இழுத்துப் பார்க்க வேண்டாம். வேறொரு மாடிப் பொத்தானை ஒருமுறை முயன்று பார்க்கலாம். எல்லாப் பொத்தான்களையும் மாறிமாறிக் குத்துவதில் பலன் இல்லை. பிறகு அலாரம் பொத்தானை மூன்று முதல் ஐந்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். சில வகைகளில் சும்மா தட்டினால் மணி மட்டும் அடிக்கும். அழுத்திப் பிடித்தால்தான் இன்டர்காம் இணையும்.

கைபேசியில் பேசும்போது எந்தக் கட்டடம், எத்தனையாவது லிஃப்ட், எந்த மாடிகளுக்கு நடுவில், உள்ளே எத்தனை பேர், யாருக்காவது உடம்பு சரியில்லையா, விளக்கு எரிகிறதா ஆகியவற்றை மட்டும் சொல்லுங்கள். பெட்டிக்குள் சிக்னல் பலவீனமாக இருக்கும். அழைப்பு போகாத இடத்தில் குறுஞ்செய்தி போய்விடுவது உண்டு. வீட்டில் வைஃபை பெட்டிவரை எட்டினால் இணைய அழைப்பும் வேலை செய்யும். கைபேசி விளக்கை எரியவிட்டுச் சார்ஜைத் தீர்க்காதீர்கள். தரநிலைப்படி அமைந்த அவசர விளக்கு குறைந்தது ஒரு மணி நேரம் எரிய வேண்டும். அது எரியாவிட்டால் மட்டும் கைபேசித் திரையின் வெளிச்சத்தைக் குறைத்து வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே குதிக்கக்கூடாது. பெட்டியை ஆட்டினால் அடியில் இருக்கும் ஆப்புகள் ரெயிலைக் கவ்விக்கொள்ளக்கூடும். பத்து நிமிடத்தில் முடிய வேண்டிய மீட்பு அப்படிக் கவ்விக்கொண்டால் பல மணி நேரம் இழுக்கும்.

உங்கள் அம்மா வயதில் இருப்பவர்களைத் தரையில் உட்கார வையுங்கள், கதவில் சாயவிடாதீர்கள். சுவரில் முதுகைச் சாய்த்து, காலை நீட்டி உட்கார்ந்தால் மயக்கம் வந்தாலும் விழுந்து அடிபடாது. பயத்தில் வேகவேகமாக மூச்சு வாங்கும்போது உடம்பிலிருந்து கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறிவிடும். விரல்நுனியும் உதடும் மரத்துப்போவதும் தலை சுற்றுவதும் அதனால்தான். நான்கு எண்ணிக்கை உள்ளிழுத்து, ஆறு எண்ணிக்கை மெதுவாக வெளியே விட்டால் சில நிமிடங்களில் அடங்கும். குழந்தையிடம் ‘இதோ இப்போ திறந்துடும்’ என்று திரும்பத் திரும்பச் சொல்லாதீர்கள். திறக்காத ஒவ்வொரு முறையும் பயம் கூடும். ‘மாமா வந்துக்கிட்டு இருக்கார், அரை மணி நேரம் ஆகும், அதுவரைக்கும் நாம உட்கார்ந்து பேசலாம்’ என்று உண்மையான நேரத்தைச் சொன்னால் குழந்தை தாங்கிக்கொள்ளும்.

இனி வெளியே இருப்பவர்களுக்கு, முக்கியமாகக் காவலாளிக்கு. அவர் முதலில் செய்ய வேண்டியது பேசுவது. பெட்டிக்குப் பக்கத்து மாடியில் நின்று, உள்ளே இருப்பவர்களின் பெயரைக் கேட்டு, உதவி எப்போது வரும் என்று சொல்ல வேண்டும். அங்கேயே ஒருவர் கடைசிவரை நிற்க வேண்டும். அடுத்தது பராமரிப்பு நிறுவனத்தை அழைப்பது, எண்ணைக் கேட்டு அலையாமல் இருக்கும்படி அது சுவரில் ஒட்டியிருக்க வேண்டும். மூன்றாவதாக, எல்லா மாடியிலும் லிஃப்ட்டுக்கு முன்னால் கூட்டம் சேராமல் பார்ப்பது. கம்பி, ஸ்க்ரூடிரைவர் எதையும் கதவில் வைக்கக்கூடாது. பதற்றத்தில் பெட்டி எங்கே நிற்கிறது என்று தப்பாகக் கணித்து, பெட்டி இல்லாத மாடியின் கதவைத் திறந்து உள்ளே காலை வைத்து விழுந்தவர்களும் உண்டு. மாடிக் கதவைத் திறக்கும் முக்கோணச் சாவி காவலாளியின் சாவிக்கொத்தில் தொங்கினால் இன்றே அதைக் கழற்றிப் பூட்டி வையுங்கள். அது பயிற்சி பெற்றவர் கையில் மட்டும் இருக்க வேண்டிய சாவி.

டெக்னீஷியன் வந்ததும் என்ன செய்ய வேண்டும் என்று நீங்கள் தெரிந்துவைத்திருப்பது நல்லது. அவர் அவசரத்தில் எதையாவது விட்டால் கேட்கலாம். இருவர் வேண்டும், ஒருவர் மோட்டார் இருக்கும் மெஷின் ரூமில், ஒருவர் மாடியில். முதலில் மெயினை அணைத்து, வேறு யாரும் போடாதபடி பூட்ட வேண்டும். எல்லா மாடிக் கதவுகளும் மூடிப் பூட்டியிருப்பதைப் பார்க்க வேண்டும். பெட்டி நகரப் போகிறது, கதவைத் தொடாதீர்கள் என்று உள்ளே இருப்பவர்களிடம் சொல்ல வேண்டும். பிறகு பிரேக்கை நெம்புகோலால் விட்டு விட்டுத் தளர்த்துவார். ஒவ்வொரு முறையும் பெட்டி சில சென்டிமீட்டர் நகரும். ஆள் குறைவாக இருந்தால் மேல்நோக்கிப் போகும் என்று முன்பே பார்த்தோம். பாதிச் சுமைக்கு அருகில் இருந்தால் இரு பக்கமும் சமமாகிவிடும். பிரேக்கை விட்டாலும் பெட்டி அசையாது, கைச்சக்கரத்தால் சுற்ற வேண்டும். மெஷின் ரூம் இல்லாத வகையில் இதே வேலையை மேல்மாடியில் இருக்கும் கட்டுப்பாட்டுப் பலகையிலிருந்து செய்வார்கள். பெட்டி மாடிக்கு நேராக வந்தபின்தான் முக்கோணச் சாவி. ஆட்கள் வெளியே வந்ததும் கதவை மூடி, கையால் இழுத்துப் பார்த்து, பூட்டு விழுந்ததை உறுதி செய்ய வேண்டும். எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் வகையில் எதிர் எடை இருப்பது அரிது. ஒரு வால்வைக் கையால் திறந்து பெட்டியை மெதுவாகக் கீழே இறக்குவார்கள்.

நெஞ்சுவலி, மயக்கம், இன்ஹேலர் கையில் இல்லாத ஆஸ்துமாக்காரர், சர்க்கரை குறைந்து நடுங்குபவர், நிறைமாதக் கர்ப்பிணி என்று யாராவது உள்ளே இருந்தால் டெக்னீஷியனுக்காகக் காத்திருக்காமல் அப்போதே தீயணைப்புத் துறையை அழையுங்கள். புகை வாசனை வந்தாலும், கட்டடத்தில் தண்ணீர் ஏறினாலும் அப்படியே. எல்லோரும் நலமாக இருக்கும்போது எவ்வளவு நேரம் காத்திருக்கலாம் என்பதற்கு ஒரே அளவு கிடையாது. நிறுவனம் அரை மணி நேரத்துக்குள் வரும் என்று உறுதி சொல்லாவிட்டால் அழைத்துவிடுவது என் பரிந்துரை. தீயணைப்பு வீரர்களும் முதலில் மெயினைத்தான் அணைப்பார்கள்.

இனி நான்காவது கேள்வி. லிஃப்ட் ஓட வேண்டுமானால் எல்லா மாடிக் கதவுப் பூட்டுகள், பெட்டிக் கதவு, கவர்னர், பெட்டி மேல், கீழ் எல்லையைத் தாண்டாமல் தடுக்கும் ஸ்விட்சுகள் என்று பல தொடர்புகள் ஒரே வரிசையில் இணைந்து மூடியிருக்க வேண்டும். இதற்குப் பாதுகாப்புச் சங்கிலி என்று பெயர். அதில் ஒன்று ஒரு கணம் விட்டாலும் லிஃப்ட் அங்கேயே நின்றுவிடும். ஒன்பது மாடி என்றால் தரைத்தளத்தோடு பத்துக் கதவுகள், பத்துப் பூட்டுகள். ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான தடவை திறந்து மூடுபவை, தூசியையும் தண்ணீரையும் மோதலையும் வாங்குபவை இந்தக் கதவுகள்தான். நடுவழி நிற்றலில் பெரும்பங்கு இங்கிருந்து வருகிறது. உங்கள் லிஃப்ட்டைப் பார்க்காமல் இன்ன பாகத்தை மாற்றுங்கள் என்று சொல்வது பொறுப்பற்ற செயல். ஆனால் எங்கே தேட வேண்டும் என்பதை நீங்களே கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது.

ஒரு நோட்டுப் புத்தகத்தைக் காவலாளியிடம் கொடுங்கள். ஒவ்வொரு முறை நிற்கும்போதும் தேதி, நேரம், எந்த மாடிக்கு அருகில், ஏறும்போதா இறங்கும்போதா, உள்ளே எத்தனை பேர், கரண்ட் போய்வந்ததா, மழை பெய்ததா, கன்ட்ரோலரில் (லிஃப்ட்டின் இயக்கத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணுக் கருவி) என்ன பிழை எண் தெரிந்தது, டெக்னீஷியன் என்ன செய்தார் என்று எழுதச் சொல்லுங்கள். பிழை எண்ணை லிஃப்ட்டை மறுபடி ஓட்டுவதற்கு முன் குறிக்க வேண்டும். பல கன்ட்ரோலர்களில் மெயினை அணைத்துப் போட்டால் அது திரையிலிருந்து போய்விடும். டெக்னீஷியன் வந்து ரீசெட் செய்துவிட்டு ‘சரியாயிடுச்சு’ என்று போய்விட்டால் அன்றைய சான்றும் அவரோடு போய்விடுகிறது. மாதத்துக்கு நான்கு முறை இது நடந்தும் காரணம் பிடிபடாமல் இருப்பதற்கு இதுவே போதும்.

ஆறேழு பதிவுகள் சேர்ந்ததும் வரிசைப்படுத்திப் பாருங்கள். எப்போதும் ஒரே மாடியைக் கடக்கும்போது நின்றால் அந்த மாடிக் கதவின் பூட்டு அல்லது அதன் தொடர்புமுனை. மாடிக் கதவின் பூட்டைத் திறப்பதற்காகப் பெட்டிக் கதவில் உள்ள தகடு கடந்து போகும்போது பூட்டின் உருளையில் இலேசாக உரசினால்கூடப் போதும். எந்த மாடி என்று இல்லாமல் எங்கும் நின்றால் பெட்டிக் கதவின் தொடர்பு, கதவு மோட்டாரின் பெல்ட், பெட்டியோடு ஏறி இறங்கும் கேபிளில் உள்ளே முறிந்த ஒயர் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். கேபிள் முறிவு என்றால் ஷாஃப்ட்டின் ஏதோ ஒரு உயரத்தில் கேபிள் மடங்கும்போது மட்டும் நிற்கும். ஆள் நிறைந்திருக்கும்போது மட்டும் நின்றால் பெட்டி ஒரு பக்கம் சாய்ந்து கதவு உரசுகிறது, அல்லது மோட்டாரை இயக்கும் டிரைவ் மிகை மின்னோட்டத்தால் தானாகவே நின்றுவிடுகிறது. அதிகச் சுமை எச்சரிக்கையோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அதிகச் சுமை என்றால் லிஃப்ட் கிளம்பவே கிளம்பாது, நடுவில் போய் நிற்காது. உச்சி வெயில் நேரத்தில் நின்றால் மெஷின் ரூமின் வெப்பம். அங்கே வெளியேற்றும் விசிறி ஓடுகிறதா என்று பாருங்கள். கரண்ட் ஏறி இறங்கும் நேரத்தில் நின்றால் மின்னழுத்தத்தையும் ஃபேஸையும் கவனிக்கும் ரிலே தன் வேலையைச் செய்கிறது. அப்போது பழுது லிஃப்ட்டில் இல்லை, மின் இணைப்பில்.

காலை நேரத்தில் மட்டும் நின்றால் மாடிகளைக் கழுவும் நேரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நடைபாதையில் ஊற்றிய தண்ணீர், கதவு ஓடும் தரைப் பள்ளம் வழியாக ஷாஃப்ட்டுக்குள் இறங்கிக் கீழ்மாடிகளின் பூட்டுத் தொடர்புகளை நனைக்கும். அது காய்ந்ததும் லிஃப்ட் தானே ஓடும், டெக்னீஷியன் வரும்போது எந்தக் குறையும் தெரியாது. லிஃப்ட் வாசலில் தண்ணீர் ஊற்றாமல் பிழிந்த துணியால் துடைக்கச் சொன்னால் இந்தத் தொல்லை அதோடு முடியும். கதவுப் பள்ளத்தில் சேரும் மணல், முடி, கட்டுமானத் தூசி ஆகியவற்றை வாரத்துக்கு ஒருமுறை பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் எடுக்கலாம். லிஃப்ட்டை அணைத்துவிட்டு, பெட்டி அந்த மாடியில் நேராக நிற்கும்போது மட்டும் செய்ய வேண்டும். பள்ளத்தில் எண்ணெய் விடாதீர்கள். தூசியோடு சேர்ந்து பசையாகிவிடும். வீடு மாற்றும்போது கட்டில், பீரோவைத் தள்ளும் வண்டிகள் பள்ளத்தின் விளிம்பை வளைத்துவிடுகின்றன. அதிலிருந்து இரண்டு மாதம் கழித்து கதவு திக்கத் தொடங்கும்போது யாருக்கும் அந்தச் சம்பவம் நினைவிருக்காது. மூடும் கதவைக் காலால் தடுக்கும் பழக்கமும் இதையேதான் செய்கிறது, கொஞ்சம் கொஞ்சமாக.

கரண்ட் போனதும் பேட்டரியால் பெட்டியைப் பக்கத்து மாடிக்குக் கொண்டுபோய்க் கதவைத் திறக்கும் ஏ.ஆர்.டி. என்ற கருவி உங்கள் லிஃப்ட்டில் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் பல கன்ட்ரோலர்களோடு பின்னால் சேர்க்க முடியும். இருந்தும் வேலை செய்யாவிட்டால் முதல் சந்தேகம் பேட்டரி. மூன்று வருடம் தாண்டிய ஈய அமில பேட்டரியை நம்ப முடியாது. மாதம் ஒருமுறை, டெக்னீஷியன் முன்னிலையில், பெட்டி காலியாக ஓடும்போது மெயினை அணைத்துச் சோதியுங்கள். இது கரண்ட் போவதற்கு மட்டும்தான் மருந்து. கதவுத் தொடர்பு விட்டு நின்ற லிஃப்ட்டை ஏ.ஆர்.டி. நகர்த்தாது, நகர்த்தவும் கூடாது. அதே நாளில் அலாரம், இன்டர்காம், அவசர விளக்கு மூன்றையும் சோதித்து நோட்டில் எழுதுங்கள். மெயினை அணைத்தபின் இன்டர்காம் பேசுகிறதா என்பதுதான் முக்கியமான சோதனை. கரண்ட் இருக்கும்போது அது பேசுவதில் ஆச்சரியம் இல்லை.

பராமரிப்பு ஒப்பந்தத்தையும் எடுத்துப் பாருங்கள். உழைப்புக்கு மட்டுமான ஒப்பந்தம் என்றால், பாகத்தை மாற்ற ஒவ்வொரு முறையும் உங்கள் சங்கத்தின் ஒப்புதல் வேண்டும். அது தாமதமாகும்போது டெக்னீஷியன் தேய்ந்த பாகத்தைத் தேய்த்துச் சுத்தம் செய்து ஒப்பேற்றிவிட்டுப் போகிறார். தொடர்புமுனை, கதவின் அடியில் தேயும் வழுக்குக் கட்டை, உருளை போன்ற சிறு பாகங்களுக்கு முன்கூட்டியே ஒப்புதல் கொடுத்து வையுங்கள். பதினெட்டு வருட லிஃப்ட்டில் கதவுப் பூட்டுகள் அத்தனையையும் ஒரே தடவையில் ஆராய்ந்து தேய்ந்தவற்றை மாற்றச் சொல்வது, ஒவ்வொன்றாகப் பழுதாகும்வரை காத்திருப்பதைவிட நல்லது. முழு லிஃப்ட்டையும் மாற்ற வேண்டுமா, கன்ட்ரோலரையும் கதவுகளையும் மட்டும் புதுப்பித்தால் போதுமா என்பதை அந்த நோட்டுப் புத்தகத்தோடு, பராமரிப்பு நிறுவனத்தைச் சாராத ஒரு ஆய்வாளரிடம் கேளுங்கள்.

அடித்தளத்தில் தண்ணீர் தேங்கும் கட்டடம் என்றால், பலத்த மழை எச்சரிக்கை வந்ததுமே லிஃப்ட்டை மேல்மாடி ஒன்றில் நிறுத்தி மெயினை அணைத்துவிடுங்கள். வண்டியை எடுக்க அடித்தளத்துக்கு லிஃப்ட்டில் இறங்க யாரையும் விடாதீர்கள். தண்ணீர் புகுந்த தளத்தில் பெட்டி போய் நின்றால் கதவும் திறக்காது, மேலேயும் ஏறாது. இதுவரை சொன்னதில் கதவு மூடியிருந்தால் பாதுகாப்பு என்பதற்கு இதுவும் தீயும்தான் விலக்கு.

கடைசியாக ஒரு அறிகுறி, இதை நோட்டில் எழுதிவிட்டுக் காத்திருக்கக்கூடாது. கதவு திறந்திருக்கும்போது, ஆள் ஏறும் அல்லது இறங்கும் நேரத்தில், பெட்டி தானாக நகர்ந்தாலோ மாடிக்கு நேராக நின்ற பெட்டி மெல்ல வழுக்கினாலோ அது பிரேக் தேய்மானமாகவோ கயிறு சக்கரத்தில் வழுக்குவதாகவோ இருக்கலாம். இதைத் தடுக்கும் தனிக் கருவி புதிய லிஃப்ட்டுகளில் கட்டாயம். பதினெட்டு வருடப் பழையதில் அது இல்லாமல் இருக்க வாய்ப்பு அதிகம். ஒரே ஒருமுறை, ஒரு கையளவு நகர்ந்தாலும் அன்றே மெயினை அணைத்து, எல்லா மாடியிலும் அறிவிப்பு ஒட்டி, பிரேக்கையும் கயிறுகளையும் ஆய்வு செய்து எழுத்தில் சான்று தரும்வரை ஓட்டாதீர்கள். அதுவரை ஒன்பதாவது மாடிக்காரர்கள் படியேறத்தான் வேண்டியிருக்கும். முதியவர்களுக்குத் தேவையானதை மேலே கொண்டுபோய்க் கொடுக்க ஆள் ஏற்பாடு செய்யுங்கள்.